மனக்கோயில் மாநகராட்சி

ஆஸ்திரேலியாவில் அரசியலமைப்பில் ஒரு வரியை மாற்றவும் ஜனங்களிடம் ஓட்டு கேட்டாக வேண்டும். 1901 முதல் 45 முறை கேட்டிருக்கிறார்கள். 8 முறைதான் 'சரி' கிடைத்தது. நமக்கு அந்தத் தொல்லை கிடையாது. 106 திருத்தங்கள் முடிந்துவிட்டன, ஒன்றுக்காகவும் எங்கள் திருநின்றவூர்க்காரர் வரிசையில் கால்கடுக்க நிற்கவில்லை.

எங்கள் ஊர் நிலவரமும் அதே கதைதான். பேரூராட்சியில் படுத்தோம், 2021இல் நகராட்சியில் எழுந்தோம். அடுத்து ஆவடி மாநகராட்சியோடு சேர்ப்பதாகப் பேச்சு. படுக்கையை யார் மாற்றினார்கள் என்று கேட்டால் அரசாணை எண் கிடைக்கும்.

ஒருவேளை ஓட்டு வைத்தால்? 'வேண்டாம்'தான் ஜெயிக்கும். இதே பேச்சில் சிக்கிய சுற்றுவட்டார ஊராட்சிகளில் கேட்டுப் பாருங்கள்: நூறு நாள் வேலை போய்விடும், வீட்டு வரி ஏறிவிடும். மாநகராட்சி ஆனால் வசதி வருமே என்றால், "வரி முதல்ல வரும் சார், வசதி பின்னாடி நடந்து வரும்" என்பார்கள். திட்டத்தைப் படித்து எதிர்ப்பவர்கள் குறைவு. 'அரசு அறிவிக்கிறது' என்ற இரண்டு சொற்களோடு படிப்பை நிறுத்திக்கொள்பவர்கள்தான் அதிகம். மழைக்காலத்தில் ஏரித் தண்ணீர் தெருவுக்கு வந்து போவதைப் பார்த்தவர்களிடம் வேறென்ன எதிர்பார்ப்பது?

இத்தனைக்கும் இது பூசலார் ஊர். கையில் காசில்லாமல் மனசுக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டி, குடமுழுக்குக்கும் நாள் குறித்தவர். காஞ்சிப் பல்லவனே அதே நாளில் வைத்திருந்த தன் கற்கோயில் விழாவைத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. நம் அறிவிப்புகளும் அந்தக் கட்டுமான முறையைத்தான் பின்பற்றுகின்றன. என்ன, பூசலார் யாரிடமும் சொத்து வரி வசூலிக்கவில்லை.