வாசலுக்கு மேலே யார் காவல்?

வாசல் நிலை நல்ல தேக்கு. அப்புறம் லிண்டல் எதற்கு? (திருச்சி வாசகர்)

நிலை கதவைத் தாங்க வந்தது, சுவரை அல்ல. சுவரைத் தாங்க நிலைக்கு மேலே போடும் கான்கிரீட் உத்தரம்தான் லிண்டல். சுமை ஏறினால் தேக்கும் வளையும், கதவு சாத்த மறுக்கும். அப்புறம் ஆசாரியைத் திட்டிப் பயனில்லை.

மேலே இருக்கும் சுவர் முழுவதையும் அந்த அரையடி கான்கிரீட்டா சுமக்கிறது? (கரூர் வாசகி)

இல்லை அம்மணி! பக்கங்களிலும் மேலேயும் போதிய சுவர் இருந்தால், செங்கற்களே பெரும் பாரத்தை இருபுறமும் தள்ளிவிடும். லிண்டல் தலையில் மிஞ்சுவது ஒரு முக்கோணச் சுவர்த்துண்டின் பாரம்தான்.

கிரேக்கத்து மைசீனியின் சிங்க வாசலைக் கட்டியவர்கள் கி.மு. 13ஆம் நூற்றாண்டிலேயே இந்தச் சூட்சுமத்தைப் பிடித்துவிட்டார்கள். உத்தரக் கல்லுக்கு மேல் முக்கோண இடைவெளி விட்டு, அதை மெல்லிய கல்லால் மூடி, அதில் சிங்கங்களைச் செதுக்கினார்கள். பாரமும் குறைந்தது, பயமுறுத்தவும் ஆள் கிடைத்தது!

லிண்டலே இல்லாமல் கட்ட முடியாதா? (நாகர்கோவில் வாசகர்)

முடியும், செங்கல் வளைவு கட்டத் தெரிந்த கொத்தனார் கிடைத்தால். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் கட்டிக் காட்டினார். ஆனால் வளைவு பக்கவாட்டில் உதைக்கும். வீட்டு மூலையை ஒட்டி வைத்தால் மூலை பிளக்கும்.

கம்பி மேலேயா, கீழேயா? (சேலம் வாசகர்)

லிண்டலுக்கு அடியில், அதிலிருந்து வெளியே நீளும் சன்ஷேடுக்கு மேலே. லிண்டல் நடுவில் தொய்யப் பார்க்கும், அடிவயிறு இழுபடும். சன்ஷேடு நுனியில் தொங்கப் பார்க்கும், முதுகு இழுபடும். கான்கிரீட் அமுக்கினால் வீரன், இழுத்தால் கோழை. இழுபடும் பக்கம்தான் கம்பிக்கு உத்தியோகம்.

கான்கிரீட் கொட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். சன்ஷேடு கம்பியை ஒருவர் மிதித்துக் கீழே இறக்கினால் போதும், அந்தச் சன்ஷேடு பின்னாளில் யார் தலைக்கோ குறிவைக்கும்.

லிண்டல் சுவரில் எவ்வளவு உட்கார வேண்டும்? (தேனி வாசகி)

இரு பக்கமும் அரையடிக்குக் குறையாமல். இங்கே சிக்கனம் பிடித்தால் செங்கல் நொறுங்கும்.

மூன்றாம் நாளே முட்டுகளைப் பிரிக்கலாம் என்கிறாரே மேஸ்திரி? (விழுப்புரம் வாசகர்)

பக்கப் பலகையைத் தாராளமாகப் பிரிக்கட்டும். அடிமுட்டில் கை வைக்கக் கூடாது. ஆறு மீட்டர் வரையுள்ள உத்தரத்துக்கு இந்தியக் கான்கிரீட் தரவிதி ஐ.எஸ். 456 சொல்லும் கணக்கு 14 நாள். அவருக்கு அவசரம், உங்களுக்கு ஆயுசு!

வீடு முழுக்கச் சுற்றி லிண்டல் போடச் சொல்கிறார் இன்ஜினியர். வீண் செலவுதானே? (கோவை வாசகர்)

1993 லாத்தூர் நிலநடுக்கத்தில் கில்லாரி கிராமத்தின் பெரும்பாலான வீடுகள் இடிந்தன. லிண்டல் மட்டத்தில் சுற்றுப்பட்டை போட்ட ஒரு கட்டடம் ஏறக்குறைய சேதமின்றி நின்றது. நான்கு சுவரையும் ஒன்றாகக் கட்டிப்போடுவது அந்தப் பட்டைதான். டைல்ஸில் மிச்சம் பிடியுங்கள், இதில் வேண்டாம்.