அம்பாரம் இங்கே, ஐஸ் அங்கே

தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் மார்கழிக் குளிர் என்றால் 22 டிகிரி. அதற்கே டீக்கடை வாசலில் குரங்குக் குல்லா ஏறிவிடும். இந்த ஊரிலிருந்து டொராண்டோ போன மருமகன் ஒருவர், வாசலில் பனி உறைந்து கிடக்கிறது, கடையில் உப்பு மூட்டை தீர்ந்துவிட்டது என்று மாமனாரிடம் போனில் புலம்பினார். "உப்பா? ஆறுமுகனேரியில அம்பாரமா கெடக்கு மாப்ள, எத்தன லோடு வேணும்?"

கனடாவில் உப்பில்லாமல் இல்லை. காட்ரிச் ஊரில் ஹூரான் ஏரிக்கு அடியில், அரை கிலோமீட்டர் ஆழத்தில் வெட்டியெடுக்கிறார்கள். முதல் பனி விழுந்த அன்றைக்கு எல்லோரும் கடைக்கு ஓடுவதால்தான் தட்டுப்பாடு. அதிலும், மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே போனால் சாதா உப்பின் பாச்சா அவ்வளவாகப் பலிக்காது. அப்போது மணலும் பொடிச்சல்லியும் தூவி வழுக்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். அதற்கென்று லாரி, டிரைவர், பட்ஜெட். நம் பக்கம் அந்தச் செலவே கிடையாது. போட்ட ஆறே மாதத்தில் சாலை தானாகவே சல்லியாகிவிடும்.

நம் உப்புக்கு வேறு கண்டம். குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டில் அதிக உப்பு விளைவது தமிழ்நாட்டில். அதில் பெரும்பங்கு இந்தத் தூத்துக்குடிக் கரையில். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 95 செ.மீ. மழை கொட்டியபோது அம்பாரங்களும் கரைந்து போயின. அங்கே ஐஸைக் கரைக்க உப்பைத் தேடுகிறார்கள். இங்கே உப்பு கரையாமலிருக்கப் பனையோலை தேடுகிறோம். ஓலை வெட்ட ஆள் கிடைக்காத இடத்தில் தார்ப்பாய். அதை நார் நாராகக் கிழிக்க மழை வேண்டியதில்லை, நம் வெயிலே போதும்.