பழைய சுமோவின் மைலேஜ்: இலக்கண நோக்கில் ஒரு முன்னாய்வு

1994-இல் டாடா நிறுவனம் வெளியிட்ட சுமோவின் பெயர்க்காரணத்தில் அறிஞரிடையே கருத்து வேறுபாடே இல்லை. இவ்வாய்வின் முதல் இடர்ப்பாடு அதுதான். அந்நிறுவனத்தின் தலைவராக இருந்த சுமந்த் மூல்காவ்கரின் பெயரிலிருந்து ஆங்கில எழுத்தை இரண்டிரண்டாகப் பிய்த்து ஒட்டியது என்று எல்லாரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். 'சும' என்னும் வேரினின்று சுமை, சுமடு, சுமோ எனக் கிளைத்ததாக நிறுவ நான்கு பக்கம் போதும். அதற்குத் துறைகளில் ஆள் இருக்கிறார்கள். நான் மைலேஜுக்கு வருகிறேன்.

மைலேஜ் கூட்டும் வழிகள் பல. ஏர் ஃபில்டர்: சுத்தம் செய்க. கேரியர்: கழற்றுக. (சபரிமலைக்குக் கட்டிய கேரியர் ஆடி வரை அப்படியே இருப்பது மரபு.) விடியற்காலையில் டீசல் போட்டால் கூடுதலாகக் கிடைக்கும் என்பாரும் உளர், மண்ணுக்கடியில் கிடக்கும் டீசலுக்குப் பொழுது விடிந்தது தெரியாது. நியூட்ரலில் இறங்குவது: கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் அப்படியே இறங்கியதாகப் பெருமை பேசுவோர் பிரேக் லைனிங் செலவைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கியரில் போட்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பம்ப் டீசலை நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்குக் குடித்துக்கொண்டே இருக்கும்.

இனி, எவரும் தொடாத பகுதி. "வண்டி எவ்வளவு குடுக்குது?" என்றே உலகம் கேட்கிறது. ஏன் 'குடுக்குது'? இழிந்தோன் 'ஈ' என்றும், ஒப்போன் 'தா' என்றும், உயர்ந்தோன் 'கொடு' என்றும் கேட்பதாகத் தொல்காப்பியச் சொல்லதிகாரம் வகுக்கிறது. எனவே மேற்படி கேள்வி, வண்டியைவிட உரிமையாளர் உயர்ந்தவர் என்னும் கொள்கையின்மேல் நிற்கிறது. புது வண்டிக்கு அது பொருந்தும். பத்தாண்டு ஓடிய வண்டியோடு 'தா' என்று சமமாகப் பேசலாம். என்னுடையது 2003 மாடல். ஏற்காடு ஏற்றத்தில் இரண்டாம் கியரில் பல்லைக் கடித்துக்கொண்டு நான் எழுப்பும் ஒலி 'ஈ' என்பதே. (ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கியதும் உள்ளே நுழையும் ஈ பெயர்ச்சொல், அதை இங்கே குழப்பிக்கொள்ளலாகாது.)

இக்கொள்கைக்குச் சான்று: பங்க்கில் எனக்குப் பின்னால் நின்றவர், வாய்மொழி. அவருக்குச் சான்று அவருடைய மச்சான். மச்சான் பைக் ஓட்டுபவர் ஆதலால் அவர் கூற்றை இடைச்செருகல் என்று தள்ளுவோரும் உண்டு. மச்சானுக்கு யார் சொன்னது என்று தேடிப்போனால், போன மாதம் டீக்கடையில் நான் சொன்னதாம். ஆக, மூன்று தனித்தனிச் சான்றுகள் ஒன்றையொன்று உறுதிசெய்கின்றன. பட்டம் பெற்ற ஆய்வேடுகள் பல இதைவிடக் குறைந்த அஸ்திவாரத்தில் நிற்கின்றன.

பிற்சேர்க்கை: இதை மெக்கானிக்கிடம் வாசித்துக் காட்டினேன். 'ஈ' வரைக்கும் பொறுமையாகக் கேட்டவர், எழுந்து போய் முன் டயரை ஓர் உதை உதைத்தார். "காத்து இல்ல சார்." பங்க்கில் சும்மாவே பிடித்துவிடுகிறார்கள்.