கெடாயைப் புடிக்கச் சொன்னா ஊரையே புடிக்கறே!

ஏங்கண்ணு, தோள்ல ஒரு பை, முதுகுல ஒரு பை, கையில முக்காலி ஸ்டாண்டு, மூஞ்சியில கருப்புக் கண்ணாடி. இத்தனையும் எதுக்கு? வாட்சப்புல போட்டு விக்கறதுக்கு ஒரு மேச்சேரிக் கெடாயைப் படம் புடிக்க! நல்லாருக்குது உன்ற சோலி.

எடுத்ததைக் காட்டு, பாப்போம். ம்... மோட்டார் ரூம் இருக்குது. மேல கரண்டுக் கம்பி போகுது. கொடியில என்ற வேட்டி காயுது. டிராக்டருக்குப் பொறத்தால உன்ற சித்தப்பன் பல்லு வெளக்கறான். கெடாயி எங்க சாமி? ஓ, இந்த மூலையில ஒட்டிக்கிட்டு நிக்குதே, அதா? பாதி வாலைக் காணோம். இதைப் பாக்கறவன் எதுக்கு வெல பேசுவான், வேட்டிக்கா?

மேச்சேரி ஆடு வெளிர் பழுப்பு. கம்பளி கெடையாது, கெடாய்க்குக்கூட கொம்பு கெடையாது. கறியோட தோலுக்கும் பேர் போனது. அப்படிப்பட்டதைக் கொண்டுபோய்ச் செம்மண்ணுல நிறுத்துனா மண்ணோட மண்ணாத்தான் போகும். நாலு எட்டு அக்கட்டால சோளக்காட்டோரம் நிறுத்திப் பாரு. பச்சைக்கு முன்னால பழுப்பு எடுத்துக் காட்டுமா, காட்டாதா? இதுக்கு எந்தக் காலேசுல படிக்கோணும்?

"செல்லு பழசு தாத்தா, அதான்"ங்கறே. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

செல்லை விடு. கெடாயி வேணுமா, தோட்டம் வேணுமா, அதை மொதல்ல முடிவு பண்ணு. கெடாயின்னா, அமுக்கறதுக்கு முன்னால சட்டத்தோட நாலு ஓரத்தையும் ஒருக்கா சுத்திப் பாரு. அங்க சோலி இல்லாம நிக்கறதை எல்லாம் தொரத்து. எப்படித் தொரத்தறது? உன்ற காலாலதான். ஒரு எட்டு எடப்பக்கம் போனா வேட்டி போச்சு. இன்னொரு எட்டு முன்னால வந்தா மோட்டார் ரூம் போச்சு. நின்ன வாக்குல எடுத்தா முதுகுதான் தெரியும், காலு கட்டையாப் போயிரும். குத்த வெச்சு உக்காரு. பேண்டு அழுக்காகுமா? ஆகட்டும், தொவைச்சுக்கலாம். வாங்கறவன் பாக்கறது நீளமும் நாலு காலும் கண்ணு. பக்கவாட்டுல முழுசா நிக்கோணும். ரொம்பக் கிட்டத்துல போயி மூக்குக்கு நேரா நீட்டாதே. செல்லுக் கண்ணாடி அகலமானது, மூஞ்சியைப் பெருசாக்கி உடம்பைச் சுருக்கிப்போடும்.

அப்புறம் அந்தப் போர்ட்ரெயிட்டு மோடு! பின்னால இருக்கறதை மங்கலாக்கறேன்னு கெடாயோட காதையும் சேத்து அழிச்சு வெச்சிருக்குது. காதில்லாத கெடாயை எவன் வாங்குவான்? ஆட்டை வேலியை விட்டுத் தள்ளி நிறுத்துனா ஆடு தனியா, வேலி தனியாத் தெரியும். அதுக்கு எந்த மோடும் வேண்டாம்.

சட்டத்தை மூணாப் பிரிச்சு, அந்தக் கோட்டு மேலதான் கெடாயை நிறுத்தோணுமா? தெரியும், என்ற பேரன் சொல்லியிருக்கான். சுமித்துன்னு ஒரு வெள்ளைக்காரன் 1797லயே புஸ்தகத்துல எழுதிட்டானாம். கேமரா ஊருக்குத் தெரிய வந்ததே 1839லதான். அது ஓவியக்காரனுக்குச் சொன்ன கணக்கு. தப்புன்னு சொல்லல. ஆனா கோட்டையே பாத்துக்கிட்டு ஆட்டைக் கோட்டை விட்டுராதே.

நாமக்கல் போயிருக்கியா? அங்க ஆஞ்சநேயரு 18 அடி, ஒரே கல்லு. தலைக்கு மேல கூரை இல்லை, வெறும் வானம். மலையைக் கொடைஞ்ச குகையில இருக்கற நரசிம்மரைப் பாத்துக் கையெடுத்துக் கும்புட்டு நிக்கறாரு. அந்தப் பார்வை போறதுக்கு வழி இருக்குதல்ல? கெடாய்க்கும் அதே நாயந்தான். எந்தப் பக்கம் பாக்குதோ அந்தப் பக்கம் கொஞ்சம் எச்சா எடம் விடு. நீ என்னடான்னா மூக்கைச் சட்டத்துல முட்டவெச்சு, வாலுக்குப் பொறத்தால அரை ஏக்கரா விட்டிருக்கே.

போன மாசம் புத்திரகவுண்டன்பாளையம் போனியே, முத்துமலை முருகன் கோயிலுக்கு? செலை 146 அடி, மலேசியாப் பத்துமலையாரை விட 6 அடி ஒசரம். 2022ல கும்பாபிசேகம் ஆச்சு. அங்க என்ன படம் எடுத்தே? முக்கால்வாசி உன்ற மூஞ்சி. வேலு உன்ற காதுல இருந்து மொளைச்சு நிக்குது. நீதான் வேணும்னா வீட்டுச் செவுத்து முன்னாலயே எடுத்திருக்கலாமே, பஸ் சார்ஜாவது மிச்சம். ஒசரம் காட்டோணும்னா தள்ளிப் போ. காலடியில யாராச்சும் கும்புட்டு நிப்பாங்க, அவங்களை வெரட்டாதே. அந்த ஆளு பொடிசாத் தெரிஞ்சாத்தான் 146 அடின்னா என்னன்னு பாக்கறவனுக்கு வெளங்கும்.

இப்ப மணி பன்னண்டு. உச்சி வெயில்ல எடுத்தா முதுகு வெளுத்துப் போகும், வயிறு இருண்டு கெடக்கும். நாளைக்குக் காத்தால ஏழு மணிக்கு வா. கெடாயை நான் சோளக்காட்டோரம் புடிச்சு நிறுத்தறேன், சித்தப்பனை வீட்டுக்குள்ள பல்லு வெளக்கச் சொல்லிடறேன். நீ அந்தப் பையெல்லாம் வெச்சுட்டு, செல்லை மட்டும் எடுத்துக்கிட்டு வா. கண்ணாடியைக் கழட்டிட்டு வா, சாமி.