கருந்திரைக் கல்வெட்டுகளும் பங்காளித் தகராறும்: தகடூர் நாட்டுக் கணினிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

பழைய தகடூர் நாடான தர்மபுரி மாவட்டத்தில் ஆராய்ச்சி என்றாலே நடுகல்தான். ஆநிரை மீட்டுப் பட்டவன் கல், புலியோடு மோதி மாண்டவன் கல் என்று தேடித் தேடிப் படித்துவிட்டார்கள். ஆனால் இதே மாவட்டத்தின் ஜெராக்ஸ் கடைகளில், காலையில் ஷட்டரைத் தூக்கியதும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் தோன்றும் கல்வெட்டுகளைப் படியெடுக்க இதுவரை ஓர் ஆய்வாளரும் வரவில்லை. அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வின் எல்லையை முதலிலேயே வரையறுப்பது மரபு. இரண்டு மூன்று டிஸ்க் அல்லது இரண்டு மூன்று ஓஎஸ் உள்ள கணினிகள் மட்டுமே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஒரே டிஸ்க், ஒரே ஓஎஸ் உள்ள கணினி தொடங்க மறுத்தால் அது வெறும் ரிப்பேர். அதில் ஆய்வுக்கு ஒன்றுமில்லை.

இவ்வகைக் கணினி பாப்பிரெட்டிப்பட்டி வரைக்கும் எப்படி வந்தது? இதற்கு அரசுச் சான்றே உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பாஸ், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது. ஆகவே பிளஸ் டூ படித்த பிள்ளையுள்ள வீடுகளில், பிள்ளைக்கே தெரியாமல் இரண்டு ஓஎஸ் குடியேறின. பாஸைத் திறந்து பார்த்தவர்களைவிட, அது அடைத்துக்கொண்டிருந்த இடத்தில் எத்தனை சினிமா ஏற்றலாம் என்று கணக்குப் போட்டவர்கள் அதிகம் என்பது ஆய்வாளரின் துணிபு. விண்டோஸுக்குள் இருந்தபடியே ஒரு பையன் பாஸின் பாகத்தை அழித்துவிடுவான். அடுத்த முறை ஆன் செய்தால் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று ஒரு வரி. பக்கத்தில் ஒரு கர்சர் சிமிட்டும். விண்டோஸ் உள்ளே முழுசாக இருக்கும். ஆனால் அதற்கு வழிகாட்ட வேண்டிய கிரப் தன் முதல் துண்டை டிஸ்க்கின் தலைமாட்டிலும், மீதியை லினக்ஸ் பாகத்திலும் வைத்திருந்தது. லினக்ஸ் பாகம் போனபின் முதல் துண்டு மட்டும் என்ன செய்யும்?

கல்வெட்டுகளின் காலத்தை எழுத்தமைதியைக் கொண்டு கணிப்பது போலவே இங்கும் கணிக்கலாம். ‘என்டிஎல்டிஆர் ஈஸ் மிஸ்ஸிங்’ என்றிருந்தால் அது எக்ஸ்பி காலம் அல்லது அதற்கு முந்தையது. ‘பூட்எம்ஜிஆர் ஈஸ் மிஸ்ஸிங்’ என்றால் 2007-இல் கடைகளுக்கு வந்த விஸ்டாவும் அதற்குப் பிந்தையவையும். ‘கிரப்’ என்ற சொல் வந்தால் வீட்டில் இன்ஜினீயரிங் படிக்கும் யாரோ இருக்கிறார்கள். இவ்வரிசையில் மிகப் பிந்திய கல்வெட்டு 2024 ஆகஸ்டைச் சேர்ந்தது. அம்மாதம் 13-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் அனுப்பிய பாதுகாப்பு அப்டேட், பக்கத்துப் பாகத்திலிருந்த லினக்ஸைப் பல கணினிகளில் எழவிடாமல் செய்தது. திரையில் வந்த வாசகத்தின் பொருள், ஏதோ மிகமிக மோசமாகிவிட்டது என்பது. எந்த மன்னனும் இவ்வளவு ஒளிவுமறைவில்லாமல் கல்லில் வெட்டியதில்லை.

எழுத்தமைதியை மட்டும் நம்பினால் ஏமாறவும் நேரும். விண்டோஸ் 10 ஓடும் கணினியில் திடீரென்று என்டிஎல்டிஆர் கல்வெட்டு தோன்றினால், முன்பக்க யுஎஸ்பி துளையைப் பார்க்கவும். முந்தின நாள் மாலை ரெஸ்யூம் பிரிண்ட் எடுக்க வந்தவர் பென்டிரைவை விட்டுப்போயிருப்பார். எக்ஸ்பியில் ஃபார்மேட் செய்த பென்டிரைவின் தலைமாட்டில் அந்த வாசகம் பொதிந்தே இருக்கும். பயோஸில் யுஎஸ்பி முதல் வரிசையில் இருந்தால், கணினி அதைத்தான் முதலில் எழுப்பிப் பார்க்கும். பிடுங்கினால் சரியாகிவிடும். இதற்கு மெக்கானிக் 300 ரூபாய் கேட்டால் கொடுத்துவிடலாம். பிடுங்கத் தெரிந்ததற்கான கூலி அது.

இனிக் கோட்பாடு. பழைய முறையில் டிஸ்க்கின் முதல் 512 பைட்டில்தான் எல்லாம் அடங்கும். 446 பைட் தொடக்க நிரல், 64 பைட்டில் நான்கு பாகங்களின் பட்டியல், கடைசி 2 பைட் முத்திரை. யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் பிடிக்கும் என்பதால், அந்த 446 பைட்டில் 150 குறிகூட எழுத முடியாது. கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா சித்தப்பா பெயர்களே அதைத் தாண்டிவிடும். இந்தச் சின்னத் திண்ணைக்குத்தான் எல்லா ஓஎஸ்ஸும் அடித்துக்கொள்கின்றன. கடைசியாக ஏற்றியது எதுவோ அது திண்ணையில் ஏறிக்கொள்ளும். லினக்ஸாவது ஏறும்போது பக்கத்தில் இருப்பவரையும் தேடிப் பட்டியலில் சேர்க்கப் பார்க்கும். விண்டோஸின் இன்ஸ்டாலர் தனக்கு முன் அந்த வீட்டில் லினக்ஸ் என்று ஒருவர் இருந்ததாகவே காட்டிக்கொள்ளாது.

பாகப்பிரிவினை இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து தர்மபுரி பிரிந்தது. 2004 பிப்ரவரி 9 அன்று தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. அப்போது யாரும் கலெக்டர் ஆபீசைப் பழைய மாவட்டத்திலேயே விட்டுவிட்டுப் போகவில்லை. கணினியில் அதுதான் நடக்கிறது. இதற்குச் சான்றாகப் பாலக்கோட்டுப் பக்கம் ஒரு டிடிபி கடைக் கணினியைக் காட்டலாம்.

அதில் மூன்று டிஸ்க். 80 ஜிபி பழைய ஹார்ட் டிஸ்க்கில் எக்ஸ்பி. எக்ஸ்பியின் ஆதரவு 2014 ஏப்ரல் 8-உடன் முடிந்ததாக உலகம் நம்புகிறது. பத்திரிகை அடிப்பவர்கள் நம்பவில்லை, ஏனென்றால் பேஜ்மேக்கரும் பழைய தமிழ் எழுத்துருக்களும் பத்தாண்டு லே-அவுட்களும் அதில்தான் இருக்கின்றன. எஸ்எஸ்டியில் விண்டோஸ் 10. பட்டா, சிட்டா, டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்துக்கு. 1 டிபி டிஸ்க்கில் முதலாளியின் அக்கா மகன் ஒரு லீவில் ஏற்றிய உபுண்டு. அது எதற்கு என்று அக்கா மகனுக்கே தெரியாது.

80 ஜிபி டிஸ்க் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்தது. மெக்கானிக் வந்தார். “இந்த டிஸ்க் சாகப்போவுதுணா, கழட்டிடறேன். டென்னு தனி டிஸ்க்ல இருக்கு, ஒண்ணும் ஆவாது” என்றார். கழற்றினார். ‘ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்’ என்று வந்தது. “ஓஎஸ் போயிடுச்சுணா, ஃபார்மேட் போட்டுடலாம்” என்றார். ஐந்து நிமிடத்துக்கு முன் ஓடிக்கொண்டிருந்த ஓஎஸ் எங்கே போயிருக்கும் என்று முதலாளி கேட்டது, இத்துறையின் அடிப்படைக் கேள்வி.

அது எங்கும் போகவில்லை. எஸ்எஸ்டியில் விண்டோஸ் 10 ஏற்றியபோது பழைய டிஸ்க்கும் மாட்டியே இருந்தது. இன்ஸ்டாலர், ஆக்டிவ் என்று முன்பே குறிக்கப்பட்ட பாகத்தைப் பழைய டிஸ்க்கில் கண்டு, தன் பூட் ஃபைல்களை அங்கே எழுதிவிட்டது. குடித்தனம் எஸ்எஸ்டியில், வாசல் மட்டும் 80 ஜிபியில். புது யுஇஎஃப்ஐ கணினியிலும் இதே கதை உண்டு. முன்பே இருக்கும் டிஸ்க்கின் இஎஃப்ஐ பாகத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். மருந்து எளிது. விண்டோஸ் பென்டிரைவில் பூட் செய்து, ரிப்பேருக்குள் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, டிஸ்க்பார்ட்டில் எஸ்எஸ்டி பாகத்தை ஆக்டிவ் ஆக்கி, பிசிடிபூட் கட்டளையால் பூட் ஃபைல்களை அங்கேயே எழுதி, பூட்ரெக்கால் தலைமாட்டையும் சரிசெய்தால் போதும். ஃபார்மேட் தேவையில்லை. ஃபார்மேட் போட்டிருந்தால் கணினி எழுந்திருக்கும், ஆனால் சாகப்போகும் டிஸ்க்கிலிருந்த வாடிக்கையாளர்களின் பத்திரிகைகள் எழுந்திருக்கா. ஆகவே பழைய டிஸ்க்கின் சாவு நெருங்கினால் முதல் வேலை அதிலுள்ளதைக் காப்பி எடுப்பது. கழற்றுவது அப்புறம்.

துணைக் காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஆயுத பூஜைக்குத் துடைக்கிறேன் என்று கேபினெட்டை இழுப்பதில் சாட்டா கேபிள் தளரும். பூஜை முடிந்த மறுநாள் ஒரு டிஸ்க்கைக் காணோம் என்பார்கள். டிஸ்ப்ளேயே வராவிட்டால் ராமைக் கழற்றிப் பள்ளி ரப்பரால் தேய்ப்பது தமிழக மெக்கானிக் மரபு. கேலி செய்யத் தோன்றும், ஆனால் பலிக்கும். போர்டிலுள்ள 3 வோல்ட் சிஆர் 2032 பேட்டரி தீர்ந்துவிட்டால், மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் எடுத்த அன்று பயோஸ் எல்லாவற்றையும் மறக்கும். பூட் வரிசை மாறும். சாட்டா முறையும் ஏஹெச்சிஐயிலிருந்து மாறிப்போனால், விண்டோஸ் நீலத் திரை காட்டி விழும். அதற்கும் ‘ஓஎஸ் போயிடுச்சு’ என்பார்கள். ஒரு சில்லறைப் பேட்டரி போதும்.

கடிகாரச் சிக்கல் தொடங்காமைக்குள் வராது. எனினும் சொல்லாமல் விட மனமில்லை. லினக்ஸ் போர்டின் கடிகாரத்தில் சர்வதேச நேரத்தை வைக்கும். விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். அதனால் உபுண்டுவிலிருந்து விண்டோஸுக்கு வந்தால் மணி ஐந்தரை மணி நேரம் பின்னே போயிருக்கும். மதியம் பட்டா எடுக்க வந்தவருக்குத் திரையில் காலை நேரம் தெரியும். லினக்ஸில் ஒரு கட்டளையால் உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிடலாம்.

முடிந்த முடிபு இது. பல ஓஎஸ் கணினி எழ மறுக்கும்போது பெரும்பாலும் எதுவும் சாகவில்லை. வாசல் யாருடையது என்பதில்தான் தகராறு. ஒரு டிஸ்க்கை மட்டும் மாட்டி, மற்றவற்றைக் கழற்றி, ஒவ்வொன்றாக எழுப்பிப் பார்த்தால் எது எதன் வாசலில் குடியிருக்கிறது என்பது அரைமணியில் தெரிந்துவிடும். புதிதாக ஓஎஸ் ஏற்றும்போதும் மற்ற டிஸ்க்குகளின் கேபிளைக் கழற்றிவிட்டே ஏற்றவும். அப்போது ஒவ்வொன்றுக்கும் அதன் வாசல் அதனிடமே இருக்கும். எதைத் திறப்பது என்பதைப் பயோஸின் பூட் மெனுவில் நாமே சொல்லிக்கொள்ளலாம்.

மாவட்டமெங்கும் உள்ள அக்கா மகன்களுக்கு ஒரு வேண்டுகோள்: தையிலும் ஆவணியிலும் லினக்ஸ் பென்டிரைவோடு மாமா கடைப் பக்கம் வராதீர்கள். ஆடியில் வாருங்கள், அப்போது முகூர்த்தம் கிடையாது.