விசிட்டுக்கு ஏற்ற வகுப்பறை

மாதனூர் ஒன்றியத்தில் ஒரு தொடக்கப் பள்ளியைப் புதுமையாக்க நினைக்கும் தலைமையாசிரியர்கள் முதலில் நல்ல கேமரா உள்ள செல்போன் ஒன்று வாங்கிக்கொள்ளவும். பெயின்ட்டெல்லாம் அப்புறம்தான். போட்டோவில் விழாத புதுமை வாட்ஸ்அப் குரூப்பில் ஏறாது.

அடுத்து, சுவரின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். தரையை ஒட்டிக் கறுப்புப் பட்டை ஓடினால் அது செயல்வழிக் கற்றல் காலத்து மிச்சம். 2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் தொடங்கியது, 2007-08க்குள் மாநிலம் முழுக்கப் பரவியது. மூலம் ஆந்திரத்து மதனப்பள்ளி பக்கம் உள்ள ரிஷிவேலிப் பள்ளி. பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் ஆளுக்கொரு பங்கு கரும்பலகை. கற்றல் ஏணியைப் பார்த்துப் பிள்ளை தன் அட்டையைத் தானே எடுத்துவரும். தலைக்கு மேல் இழுத்துக் கட்டிய கம்பியில் அது வரைந்த படமே தொங்கும். டீச்சரும் பாயில்தான் உட்கார வேண்டும். குறை என்னவென்றால், பார்வையிட வருகிறவர் குனிய வேண்டியிருந்தது. ஆகவே பட்டையை வெள்ளையடித்து மறைத்து, அதற்கு மேல் தலைவர்கள் படம் வரையவும். அட்டைகளைப் பீரோவில் பூட்டவும். சாவி டிரான்ஸ்பரில் போன டீச்சரிடம் இருந்தால் இன்னும் பத்திரம்.

கட்டடமே பாடம் சொல்ல வேண்டும் என்றவர் கட்டடக் கலைஞர் கபீர் வாஜ்பேயி. கதவு திறக்கும் இடத்தில் தரையில் கோணமானி வரைந்தால், கதவைத் தள்ளித் தள்ளியே பிள்ளை கோணம் கற்றுக்கொள்ளும். அருமையான யோசனை. உங்கள் கதவு 40 பாகையில் சிக்கி நிற்கிறதா? அதுவரைக்கும் மட்டும் வரையுங்கள். மீதி ஆறாம் வகுப்புப் பாடம்.

2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. வகுப்பறையைப் பாடல் களம், கதைக் களம், படைப்புக் களம் என்று பிரித்தாயிற்று. 2025 ஜூலையில் ஒரு மலையாளப் படத்தைப் பார்த்த வேகத்தில் பெஞ்சுகளை 'ப' வடிவில் போடச் சொன்னார்கள். கழுத்து வலிக்கும் என்று எதிர்ப்பு கிளம்பவே, சோதனை முயற்சிதான் என்று விளக்கம் வந்தது. இரண்டு டீச்சர் ஐந்து வகுப்பை ஒரே அறையில் மேய்க்கும் பள்ளியில் எத்தனை 'ப' கொள்ளும் என்று சுற்றறிக்கையில் தேடாதீர்கள். இரும்பு பெஞ்சை இழுக்க ஐந்தாம் வகுப்புப் பையன்கள் இருக்கிறார்கள். உடற்கல்வியிலும் கணக்கு காட்டலாம்.

ஒரே ஒரு ஆபத்து இந்த ஊருக்கே உரியது. பிள்ளையின் அம்மா ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் இருப்பார்; ஆம்பூர் பக்கம் துண்டுத் தோலுக்கும் பஞ்சமில்லை. கண் அசந்தால், ஒரு மூன்றாம் வகுப்புப் பெண் தோழியின் பாதத்தை நோட்டில் வைத்து வரைந்து, ஸ்கேலால் அளந்து, கால் இஞ்ச் கூட விட்டுத் தோலை வெட்டிவிடுவாள். இடது காலை அப்படியே திருப்பிப் போட்டால் வலது கால் ஆகுமா என்று பக்கத்திலிருப்பவளோடு சண்டையும் போடுவாள். அளவை, சமச்சீர், தோராயம் எல்லாம் ஒரே மத்தியானத்தில், அட்டவணைக்கு வெளியே! உடனே பெருக்கித் தள்ளவும். படைப்புக் களத்தில் தெர்மகோல் தாஜ்மகால் இருந்தால் போதும்.

வகுப்பறை எப்படி இருக்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஓடுகிற ஃபேன் கேட்பார்கள். கழிப்பறைத் தாழ்ப்பாளைக் கைக்கு எட்டுகிற உயரத்தில் போடச் சொல்வார்கள். அதெல்லாம் புதுமையில் சேராது, பராமரிப்பில் சேரும். அதற்கு வேறு நிதி, வேறு ஃபைல்.