ரேம் பட்டயம்: ஒரு கல்வெட்டியல் வாசிப்பு

மேசைக் கணினிக்கான ரேம் என்பது 13 சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதலான நீளமுள்ள பட்டயம். அதன்மேல் ஒட்டிய வெள்ளைத் தாளில் ஒரு வரி பொறிக்கப்பட்டிருக்கும். சென்னை ரிச்சி தெருவில் இத்தகைய பட்டயங்கள் அன்றாடம் கைமாறியும், “எட்டு ஜிபி என்ன விலை?” என்பதைத் தாண்டி அவ்வரியை வாசிப்போர் அரியர். அக்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

மாதிரிக்கு எடுத்துக்கொண்ட மூலபாடம்: ‘8ஜிபி 1ஆர்×8 பிசி4-2666வி-யுஏ2-11’.

‘8ஜிபி’ வெளிப்படை; உரை வேண்டா. ‘1ஆர்×8’ என்பது ஒரே வரிசைச் சில்லுகள், ஒவ்வொன்றும் 8 பிட் அகலம் என்று பொருள்படும். ஆக, எட்டுச் சில்லுகள் சேர்ந்து 64 பிட்.

‘பிசி4’ வம்சப் பெயர். டிடிஆர்4 குலத்தைச் சுட்டுவது. டிடிஆர்3 குலத்துக்கு 240 பின், 1.5 வோல்ட், டிடிஆர்4 குலத்துக்கு 288 பின், 1.2 வோல்ட். 2020இல் தரவரையறை வெளியான டிடிஆர்5க்கும் 288 பின்தான். எண்ணிக்கை ஒன்றுதானே என்று செருகப் பார்ப்பவரை, கீழ்விளிம்பில் இருக்கும் வெட்டு இடம் மாறி நின்று தடுக்கும். அதையும் மீறி அமுக்குவோருக்கு மதர்போர்டு வியாபாரிகள் கடமைப்பட்டவர்கள்.

அறிஞர்கள் பெரிதும் வழுக்கி விழுவது ‘2666’ என்ற எண்ணில். பழைய டிடிஆர்3 பட்டயத்தில் ‘பிசி3-12800’ என்றிருக்கும். 12800 பெரிதா, 2666 பெரிதா? பழையதே வேகமானது என்று ஒரு சாரார் வாதிப்பர். இது சக ஆண்டையும் கலியாண்டையும் ஒரே கணக்கில் வைத்து மன்னரின் காலத்தைக் குறிப்பது போன்றது. பழைய பட்டயம் சொல்வது நொடிக்கு எத்தனை மெகாபைட் என்று. அதை 8ஆல் வகுத்தால் கிடைப்பது 1600. புதிய பட்டயமோ நொடிக்கு எத்தனை மில்லியன் முறை தரவு கைமாறுகிறது என்பதை நேரடியாகச் சொல்லிவிடுகிறது. டிடிஆர்3 கட்சியின் வழக்கு தோற்றது.

‘வி’ தாமதக் கணக்கு. அதைக் கடந்து ‘யு’ என்ற ஓரெழுத்தில் நிற்க வேண்டும். பணம் போவது இங்கேதான். ‘யு’ என்றால் சாதாரண மேசைக் கணினிக்கானது; அவ்விடத்தில் ‘ஆர்’ என்றிருந்தால் அது சர்வர் ரேம். பழைய பொருள் சந்தையில் மலிவாகக் கிடைப்பதுண்டு. டிடிஆர்4 எனில் ஸ்லாட்டிலும் பாந்தமாக உட்காரும். ஆனால் சாதாரண மேசைக் கணினி அதைக் கொண்டு உயிர் பெறாது. எஞ்சிய ‘ஏ2-11’ பலகை வடிவத்தையும் உள்ளிருக்கும் தகவல் சில்லின் பதிப்பையும் குறிப்பது; வாங்குபவருக்கு அதனால் நன்மையுமில்லை, தீமையுமில்லை.

பிரதிஷ்டை முறை: நான்கு ஸ்லாட்டுள்ள பலகையில் இரண்டு ரேம் மட்டும் போடுவதானால், பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். அடுத்தடுத்துப் போட்டால், இரு ரேமும் இணையாக இயங்கும் டூயல் சேனல் வாய்க்காமல் போகலாம். பக்கக் கொக்கி ‘டக்’கென்று பூட்டும்வரை இரு முனையிலும் அமுக்க வேண்டும். கணினி எழும்பாவிட்டால் தங்கமுலாம் பூசிய விளிம்பை அழிரப்பரால் தேய்க்கச் சொல்லும் மரபும் உண்டு. சில சமயம் பலிக்கிறது.

பின்பு சிபியு-இசட் மென்பொருளைத் திறந்தால் அது 1333 என்று காட்டும். பாதியைக் கடைக்காரர் விழுங்கிவிட்டார் என்று கிளம்பக் கூடாது: ஒரு துடிப்புக்கு இருமுறை தரவு போவதால், இருமடங்காக்கினால் 2666 வந்துவிடும். டூயல் சேனல் காணோமென்றால் மட்டும் கேபினெட்டை மறுபடி திறக்கலாம். அதற்குமுன் பவர் கேபிளைப் பிடுங்கிவிட வேண்டும் என்பதில் உரையாசிரியர்களிடையே கருத்து வேறுபாடில்லை.